பிறந்தநாளுக்குக் கொரியச் சாப்பாடு வேணுமாம்: பழகாத சாமானை வைத்து வீட்டிலேயே விருந்து சமைப்பது எப்படி

மகளுக்கு 21 வயது. எங்கள் மலேசியாவில் 21 என்றால் சும்மா விடமாட்டார்கள். மண்டபம் எடுப்பார்கள், கேக்குக்கு மேல் சாவி வைப்பார்கள், பாட்டுப் போட ஆள் கூப்பிடுவார்கள். அவள் அதெல்லாம் கேட்கவில்லை. "மண்டபம் வேணாம்மா. பிரியாணியும் வேணாம். வீட்லயே சமைங்க, ஆனா கொரியன்." சொல்லிவிட்டுக் கைப்பேசியை நீட்டினாள், அதில் ஒன்பது பதார்த்தத்தின் பெயர் இருந்தது, எனக்கு ஒன்றையும் வாய்விட்டு வாசிக்க வரவில்லை.

நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட். ஊரைச் சுற்றிச் செம்பனை, பால்மரம், நடுவில் இரண்டு மூன்று தெருக் கடை, மார்க்கெட், கோயில். மிளகாய்த்தூள் எந்தக் கடையில் நன்றாக அரைத்திருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கோச்சுஜாங் என்கிற கொரிய மிளகாய் விழுது எங்கே கிடைக்கும் என்றால் முழிப்பேன். ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர், ஒரு டப்பா விழுதுக்காகத் தினமும் ஓட முடியாது. அதனால் இதைத் திட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டியிருந்தது. செய்து முடித்தபின் தங்கச்சி கேட்டாள், அப்புறம் வேலையிடத்தில் இரண்டு பேர் கேட்டார்கள், சரி, ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உங்கள் பிள்ளை கேட்பது ஜப்பான் சாப்பாடாக இருக்கலாம், இத்தாலிச் சாப்பாடாக இருக்கலாம், சாமான் மாறும், வேலை ஏறக்குறைய இதுதான்.

முதலில் மெனு போடாதீர்கள். யார் யார் வருகிறார்கள் என்று எழுதுங்கள், பக்கத்திலேயே அவர் எதைச் சாப்பிடமாட்டார் என்றும் எழுதுங்கள். எங்கள் கணக்கில் 12 பேர். மாமியார் சுத்த சைவம். மற்ற எல்லாருக்கும் கோழி, மீன் சரி, மாடு கிடையாது. பக்கத்து வீட்டு மாக்சிக்கும் (மலாய்க்கார அம்மா) அவர் கணவரும் வருவார்கள், ஆகவே கோழி ஹலால் கடையில்தான் வாங்க வேண்டும், எதிலும் மதுபானம் கலந்திருக்கக் கூடாது. மகளின் சீனத் தோழி ஒருத்திக்கு இறால், சிப்பி எது பட்டாலும் உடம்பெல்லாம் தடித்துவிடும். என் அண்ணனுக்குக் காரம் இல்லை என்றால் அது சாப்பாடே இல்லை. இந்த ஐந்து வரியை எழுதி முடித்ததும் மகளின் ஒன்பது பதார்த்தத்தில் நான்கு தானாகக் கழன்றுகொண்டது. கொரியச் சமையலில் மாட்டிறைச்சி நிறைய வரும், இறால் ஊறுகாய் எங்கெங்கோ ஒளிந்திருக்கும், இதை விருந்தன்று கண்டுபிடிப்பதைவிடக் காகிதத்தில் கண்டுபிடிப்பது நல்லது.

தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் பிறந்தநாள் வெள்ளிக்கிழமை விழுந்தது. வெள்ளியன்று எங்கள் வீட்டுச் சட்டியில் கோழி ஏறாது. சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டோம்.

அடுத்தது எண்ணிக்கை. என் அனுபவத்தில் ஒரு விருந்துக்குப் புதுச் சாமான் ஐந்துக்கு மேல் போனால் கை தடுமாறும். உருளைக்கிழங்கு எப்போது வேகும் என்று நமக்குக் கடிகாரம் வேண்டாம், வாசனையே சொல்லும். புதுச் சாமானில் அந்த மூக்கு வேலை செய்யாது. ஆகவே ஐந்து சாமான் புதிது, மற்றதெல்லாம் கை அறிந்தது என்று வைத்துக்கொண்டேன். கடைசியில் நின்றவை இவைதான்: கடற்பாசி சூப் (மியோக்குக்), ஜாப்சே என்கிற கிழங்கு மாவு நூடல்ஸ், தாக்பொக்கும்தாங் என்கிற காரக் கோழி, வெள்ளரிக்காய்ப் பச்சடி, சோறு. பாசித்தாளில் சோற்றைச் சுருட்டும் கிம்பாப் வேண்டாம் என்றேன், 12 பேருக்குக் கடைசி நேரத்தில் உருட்டிக்கொண்டு நிற்க முடியாது. தொக்பொக்கியும் வேண்டாம் என்றேன், அந்த அரிசிக் கட்டி ஆறினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும், நம் விருந்தாளிகள் எட்டு மணி என்றால் எட்டரைக்கு வருகிறவர்கள். மகள் முகத்தைத் தொங்கப்போட்டாள். அதை வேறொரு நாள் அவளே செய்துகொள்ளட்டும்.

இந்த மெனுவில் நான் விட்டுக்கொடுக்காதது சூப். கொரியாவில் பிறந்தநாளன்று கேக் இருக்கிறதோ இல்லையோ, காலையில் இந்தக் கடற்பாசி சூப்பைக் குடிப்பார்கள். காரணம் என்ன தெரியுமா? அது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சூப். பிரசவம் ஆனதும் தாய்க்கு இதைத்தான் நாள்கணக்கில் கொடுப்பார்கள், அந்தக் காலத்து வழக்கப்படி 21 நாள். பிறந்தநாளில் பிள்ளை அதையே குடிப்பது அம்மா பட்ட பாட்டை நினைத்துக்கொள்ள. நமக்கு முப்பது நாள் தீட்டுக் கழிக்கிற கணக்கு மாதிரி அவர்களுக்கு 21. மகளுக்கு வயதும் 21. இதைப் படித்தபின் சூப்பை எப்படி விடுவேன்? பரீட்சையன்று மட்டும் குடிக்கமாட்டார்களாம், கடற்பாசி வழுக்கும், படித்ததும் வழுக்கிவிடும் என்று பயம்.

சரி, சாமானுக்கு வருவோம்.

கடற்பாசி. நம் வாயில் கடற்பாசி என்றால் அகார் அகார், பாலில் போட்டு ஜெலி செய்வது. இது அது இல்லை. சீனர் கடையில் போய்க் கேட்டால் கறுப்பாக, வட்டமாக, அப்பளம் போல ஒன்றைக் கொடுப்பார்கள், அதுவும் இல்லை, அது வேறு பாசி, கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் கரைந்த மாதிரி குழைந்துவிடும். தாள் தாளாக இருப்பது சோறு சுருட்ட. பலகை மாதிரி தடித்து வெள்ளைப் பொடி பூத்திருப்பது சாறு இறக்க. நமக்கு வேண்டியது மியோக், ஜப்பான் பாக்கெட்டில் வகாமே என்று போட்டிருக்கும். பார்க்கக் காய்ந்த தேயிலையோ கறுத்த சருகோ மாதிரி சுருண்டிருக்கும். நான்கு பேருக்கு 20 கிராம் போதும். 12 பேருக்குச் சின்னக் கிண்ணம் என்றால் 50 கிராம். இந்த அளவை மட்டும் மறந்துவிடாதீர்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கோச்சுஜாங். சிவப்பு டப்பாவில் வரும் மிளகாய் விழுது. மிளகாய், புளுட் (ஒட்டும்) அரிசி, புளிக்கவைத்த சோயா, உப்பு சேர்த்து ஊறவைத்தது. நம் சம்பலை மனத்தில் வைத்துக்கொண்டு விரலில் தொட்டு நக்கினால் ஏமாந்துபோவீர்கள். முதலில் இனிப்பு, அப்புறம் உப்பு, காரம் மெதுவாகப் பின்னால் வரும். 500 கிராம் டப்பாவை நான் 20 வெள்ளிக்குள் (ரிங்கிட்) வாங்கினேன்.

கோச்சுகாரு. கொரிய மிளகாய்த்தூள். "தூள்தானே, நம்மிடம் இல்லாததா" என்று நானும் நினைத்தேன். அது தூள் இல்லை, திப்பி திப்பியாக உடைத்தது, விதை பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள், நிறம் அதிகம், காரம் குறைவு. நம் கறி மிளகாய்த்தூளை அதே அளவு போட்டால் விருந்தாளி தண்ணீர்க் குடத்தோடுதான் உட்கார வேண்டும். கிடைக்கவே இல்லை என்றால் காஷ்மீரி மிளகாய்த்தூளை முக்கால் அளவு போடலாம், நிறம் வரும், அந்தத் திப்பி வராது.

தாங்மியோன். சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் செய்த நூடல்ஸ். சாம்பல் நிறத்தில் கம்பி மாதிரி இருக்கும், வெந்தால் கண்ணாடி. நம் ஊரில் கிடைக்கும் சூஹூன் பாசிப்பயறு மாவு, அவசரத்துக்குப் போடலாம், ஆனால் அது சீக்கிரம் குழையும், பல்லில் இழுபடும் அந்தச் சவ்வுத்தன்மை இருக்காது.

வறுத்த எள்ளெண்ணெய். இதற்கு ஒரு கதை உண்டு, கீழே.

மற்றதெல்லாம் உள்ளூர். சோயா சாஸ் என்றால் கிச்சாப் சாயிர், தண்ணீராக இருப்பது. கெட்டியான இனிப்புக் கிச்சாப்பைத் தொடாதீர்கள், எல்லாம் கறுத்து மீ கோரெங் மாதிரி ஆகிவிடும். அரிசி அவர்களுக்குக் குட்டை அரிசி, ஒட்டும். விலை அதிகம் என்று நினைத்தால் சியாம் அரிசி நான்கு பங்கு, புளுட் ஒரு பங்கு, புளுட்டை மட்டும் இரண்டு மணி நேரம் முன்பே ஊறவைத்துச் சேர்த்து ஆக்குங்கள். கிட்டத்தட்ட அந்தப் பதம் வந்துவிடும்.

வாங்கும்போது டப்பாவின் முன்பக்கப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள், திருப்புங்கள். வெளிநாட்டுச் சாமானுக்கு இங்கே மலாயிலோ ஆங்கிலத்திலோ விவரம் ஒட்டியிருக்க வேண்டும், மாடு, பன்றி, மதுபானம் சேர்ந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறையிலேயே இருக்கிறது. கோச்சுஜாங்கில் சில வகைகளில் கெடாமலிருக்க ஆல்கஹால் சேர்க்கிறார்கள். மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் முத்திரையோ, கொரிய முஸ்லிம் கூட்டமைப்பின் ஹலால் முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். சூப்புக்குப் போடும் ரெடிமேட் தூள் பாக்கெட்டுகளில் மாட்டுச்சாறு இருக்கும், எனக்கு அந்தத் தூளே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கிம்ச்சி ஜாடியிலும் இறாலோ மீன் சாற்றோ இருக்கும். நம் மலாக்கா சிஞ்சாலோக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரியான இறால் ஊறுகாயைத்தான் அதில் கலக்கிறார்கள். பார்க்க வெறும் கோஸ், மாமியாருக்கு ஆகாது, ஒவ்வாமைக்காரத் தோழிக்கும் ஆகாது. ஒரு சின்ன ஜாடி வாங்கித் தனியாக, தனிக் கரண்டியோடு வைத்தேன்.

எங்கே வாங்குவது? பாதி ஈப்போவில், பெரிய சூப்பர்மார்க்கெட்டின் வெளிநாட்டுச் சாமான் அலமாரியில். மீதியை ஆன்லைனில் போட்டேன். ஐந்து நாளில் வரும் என்று போட்டிருந்த கடை பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டது, நூடல்ஸ் பாக்கெட்டின் ஒரு மூலை கிழிந்திருந்தது. நல்லவேளை மூன்று வாரத்துக்கு முன்னாலேயே வாங்க ஆரம்பித்திருந்தேன். தோட்டப்புறத்து விலாசத்துக்குச் சாமான் வருவதென்றால் கூட ஒரு வாரம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சாமான் கைக்கு வந்ததும் நேராக விருந்துக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு புதுச் சாமானையும் ஒரு தடவை, தனியாக, சின்ன அளவில் சமைத்துப் பாருங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். முழுப் பதார்த்தமாகக்கூட வேண்டாம். கோச்சுஜாங்கை அரைக் கரண்டி எடுத்துச் சூடான எண்ணெயில் போட்டுப் பாருங்கள், அதிலிருக்கும் இனிப்பு நொடியில் கருகி, சட்டி கசந்துபோவது தெரியும். தெரிந்தபின் அதை எப்போதும் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்றுவீர்கள். நூடல்ஸில் நாலு கம்பி எடுத்து வேகவைத்து, ஆறாவது நிமிடத்தில் ஒன்று, எட்டாவது நிமிடத்தில் ஒன்று கடித்துப் பாருங்கள்.

இப்போது என் கூத்து. முதல் சோதனை நாளில் 100 கிராம் கடற்பாசிப் பாக்கெட்டை முழுசாகப் பிரித்து, துணி ஊறவைக்கும் அளவு பேசினில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். பார்க்க ஒரு கைப்பிடிதான் இருந்தது, இது யாருக்குக் காணும் என்று எனக்குள் குறைவேறு. சாமிக்கு விளக்கேற்றிவிட்டு அரைமணி கழித்து வந்து பார்த்தால் பேசின் நிறைந்து, கரும்பச்சையாக விளிம்புக்கு மேல் ஏறி, ஒரு பக்கம் தரையில் வழிந்துகொண்டிருக்கிறது. காய்ந்தது ஊறினால் எட்டு பத்து மடங்கு ஆகும். மூன்று நாள் சூப், அப்புறம் பொரியல், அப்புறம் முட்டையில் போட்டு ஆம்லெட். மாக்சிக் வீட்டுக் கோழிகளுக்குக்கூடப் போட்டுப் பார்த்தோம், அவை சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன.

எள்ளெண்ணெய்க் கதை இன்னும் மோசம். எள்ளெண்ணெய் என்றால் நல்லெண்ணெய்தானே, வீட்டில் இருக்கிறதே என்று அதையே ஜாப்சேயில் தாராளமாக ஊற்றிப் புரட்டினேன். வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார், "யாருக்கு எண்ணெய்க் குளியல்?" நம் நல்லெண்ணெய் எள்ளை வறுக்காமல் ஆட்டியது. கொரியர், சீனர் எண்ணெய் எள்ளை நன்றாகக் கருக்க வறுத்துப் பிழிவது, நிறமே பழுப்பு, வாசனை வறுத்த எள்ளுருண்டை. அதிகம் தேடவே வேண்டாம், சீனர் மளிகைக் கடையில் கிடைப்பது போதும், வேறு எண்ணெய் கலந்ததா என்று மட்டும் பாட்டிலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சமையல். அளவெல்லாம் 12 பேருக்கு.

சூப்: 50 கிராம் கடற்பாசியை அரைமணி ஊறவைத்து, துணி அலசுவதுபோலப் பிசைந்து மூன்று தண்ணீர் மாற்றுங்கள். முதல் தண்ணீர் நுரைக்கும், மூன்றாவது தெளிந்துவிடும். பிழிந்து கத்தரிக்கோலால் இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டுங்கள், தடித்த தண்டு கையில் பட்டால் எடுத்துப் போடுங்கள். இன்னொரு பக்கம் நெத்திலிச் சாறு. கொரியரும் சாற்றுக்கு நெத்திலிதான் போடுகிறார்கள், அதைப் படித்தபோது எனக்குப் பாதி பயம் போய்விட்டது. நம் ஈக்கான் பிலிஸ் உப்பு அதிகம், அதனால் ஒரு தடவை கழுவி, தலையையும் வயிற்றுக் கறுப்பையும் கிள்ளிவிட்டு, 60 கிராம் அளவு வெறும் சட்டியில் வாசனை வர வறுத்து, இரண்டரை லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பதினைந்து நிமிடம் கொதித்ததும் வடிகட்டுங்கள். கசப்பு அந்த வயிற்றில்தான் இருக்கிறது.

பெரிய சட்டியில் வறுத்த எள்ளெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, தட்டிய பூண்டு எட்டுப் பல், கடற்பாசி. அடுப்பு மிதமாக இருக்கட்டும். ஐந்து நிமிடம் புரட்டினால் பாசி பளபளவென்று பச்சையாகும். கிச்சாப் சாயிர் இரண்டு மேசைக்கரண்டி, அப்புறம் காளான் ஊறிய தண்ணீர் ஒரு லிட்டர். (ஜாப்சேக்குக் காய்ந்த சீனக் காளான் ஊறவைப்போம் இல்லையா, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் வடிகட்டி, குறைந்ததற்குத் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.) இருபது நிமிடம் கொதித்ததும் மாமியாருக்கு வேண்டியதைச் சின்னச் சட்டியில் முகந்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மற்றதில் நெத்திலிச் சாற்றை ஊற்றினேன். இந்த வரிசையில் செய்தால் ஒரே சூப் இரண்டு பேருக்கும் ஆகும், தனியாகச் சைவம் சமைக்க வேண்டியதில்லை. மறுபடி இருபது நிமிடம், உப்புப் பார்த்து இறக்குங்கள். வெங்காயம் போடுவதில்லை. மஞ்சள், கறிவேப்பிலை, சோம்பு எதுவும் போடாதீர்கள், கை நமநமக்கும், பொறுங்கள். தைராய்டுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் யாராவது வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடற்பாசியில் அயோடின் அதிகம், அவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கோழி: இரண்டு கோழி, சுமார் மூன்று கிலோ, கறிக்கு வெட்டுகிற மாதிரி வெட்டச் சொல்லுங்கள். கோச்சுஜாங் ஐந்து மேசைக்கரண்டி, கோச்சுகாரு ஆறு, கிச்சாப் சாயிர் எட்டு, சீனி மூன்று, பூண்டு ஒரு முழுக் கட்டி, ஒரு விரல் இஞ்சி, எல்லாவற்றையும் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து முதல் நாளே ஜாடியில் போட்டு வையுங்கள். கோழியை ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஐந்து கப் புதுத் தண்ணீரும் கரைத்த விழுதில் பாதியும் ஊற்றி இருபது நிமிடம் மூடிப் போடுங்கள். அப்புறம் பெரிதாக வெட்டிய உருளைக்கிழங்கு ஆறு, கேரட் மூன்று, வெங்காயம் மூன்று, மீதி விழுது. உருளை வெந்து, குழம்பு சுண்டிக் கோழியில் ஒட்டுகிற நேரம் இறக்குங்கள். பார்த்தால் நம் கோழிப்பிரட்டல்தான், மசாலா மட்டும் வேறு வீட்டுக்காரி. அண்ணனுக்குச் சிலி பாடி என்கிற ஊசிமிளகாயை நறுக்கித் தனித் தட்டில் வைத்துவிட்டேன்.

ஜாப்சே கொஞ்சம் பொறுமைச் சோதனை. 500 கிராம் பாக்கெட் ஒன்று. கேரட், வெங்காயம், ஊறிய காளான் பன்னிரண்டு, குடைமிளகாய், பாயாம் (முளைக்கீரை வகை) கீரை, எல்லாம் நீளமாக நறுக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியாக வதக்க வேண்டும். எதற்கு இந்த வேலை, ஒன்றாகப் போட்டால் என்ன என்று ஒரு தடவை ஒன்றாகவே போட்டுப் பார்த்தேன், காளான் தண்ணீர் விட்டுக் கேரட் குழைந்து, எல்லாம் ஒரே நிறத்தில் வந்தது. தனித்தனியாக வதக்கினால் தட்டில் ஐந்து நிறம் தெரியும். கீரையை மட்டும் கொதிநீரில் முக்கி எடுத்துப் பிழிந்துகொள்ளுங்கள், சிவப்புப் பாயாம் வேண்டாம், சாயம் இறங்கும். நூடல்ஸை ஏழு நிமிடம் போல வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, கத்தரிக்கோலால் இரண்டு வெட்டு. கிச்சாப் சாயிர் எட்டு மேசைக்கரண்டி, சீனி நான்கு, வறுத்த எள்ளெண்ணெய் நான்கு, மிளகுத்தூள், தட்டிய பூண்டு நாலு பல், இதில் நூடல்ஸை முதலில் புரட்டி, காய்கறியைக் கடைசியில் கலந்து, மேலே வறுத்த எள். முட்டை போடுவதானால் தனியாகச் சுட்டு நறுக்கிப் பக்கத்தில் வையுங்கள், மாமியார் பங்கு தப்பிக்கும்.

வெள்ளரிக்காய்க்குச் சொல்ல ஒன்றுமில்லை. வட்டமாக நறுக்கி, உப்புப் போட்டுப் பத்து நிமிடத்தில் பிழிந்து, கோச்சுகாரு, வினிகர், சீனி, எள்ளெண்ணெய். முடிந்தது.

எங்கள் வீட்டில் அடுப்பு இரண்டு. இரண்டு அடுப்பில் இத்தனையும் ஏற வேண்டும் என்றால் நேரத்தை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியே ஆக வேண்டும். முதல் நாளே விழுது கரைத்து, காய் நறுக்கி, கேஸ் தோங்கை (சிலிண்டரை) ஆட்டிப் பார்த்துக்கொண்டேன் (பாதி விருந்தில் கேஸ் தீர்ந்த தீபாவளி ஒன்று எங்களுக்கு உண்டு). அன்று காலையில் நெத்திலிச் சாறு, காளான் ஊறல். மூன்று மணிக்குப் பாசியை ஊறவைத்து மூன்றரைக்கு ஒரு அடுப்பில் சூப், பக்கத்து அடுப்பில் ஜாப்சேக் காய்கள் ஒவ்வொன்றாக. சூப் ஆறிச் சூடாக்கினால் இன்னும் நன்றாக இருக்கும், முதலில் செய்வதில் நஷ்டமில்லை. ஐந்து மணிக்குக் கோழி. ஆறரைக்குச் சோறு. ஏழுக்கு முன்னால் நூடல்ஸ், இது சூடாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், விறைத்துப்போகும். ஏழேகாலுக்கு நான் குளிக்கப் போய்விட்டேன். மாக்சிக் மஃரிப் தொழுதுவிட்டு வரட்டும் என்று எட்டு மணி சொல்லியிருந்தோம்.

இன்னொன்று, மேசையில் எல்லாருக்கும் தெரிந்த பண்டம் குறைந்தது இரண்டு இருக்கட்டும். நான் அப்பளம் பொரித்தேன், மாமியார் சேமியா பாயசம் வைத்தார். மகள் "கொரியன் டின்னர்ல அப்பளமாம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் முதலில் காலியானது அந்த அப்பளத் தட்டுதான், ஜாப்சேயோடு நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டவள் அந்தச் சீனத் தோழி.

முதல் கிண்ணம் சூப்பை மகளுக்குக் கொடுத்தேன். அது என்ன சூப் என்று சொன்னதும் என் அம்மா தனக்கும் ஒரு கிண்ணம் கேட்டார். தோட்டத்து லயத்தில், விறகடுப்பில், மூன்று மகள்களுக்கும் பத்தியம் வைத்துக் கொடுத்த கை அது, பூண்டும் மிளகும் நல்லெண்ணெயும் சுறாவும் எந்த நாளில் எவ்வளவு என்று இன்றைக்கும் விரல் விட்டுச் சொல்வார். நிதானமாக ஊதி ஊதிக் குடித்தார். பாசியை மென்று பார்த்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பூண்டு போட்டிருக்க, சரி. மிளகு எங்க?"

மிளகுத்தூள் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். தட்டிக்கொண்டு இரண்டாவது கிண்ணமும் குடித்தார். நீங்கள் செய்யும்போது மிளகையும் மேசையில் வைத்துவிடுங்கள்.

மிஞ்சியதைப் பற்றி: ஜாப்சேயை மறுநாள் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சட்டியில் பிரட்டினால் மறுபடி இளகிவிடும். கோழிக் குழம்பில் சோற்றைப் போட்டு, அடி பிடிக்கிற வரை வறுத்துச் சாப்பிட்டோம், அது விருந்தைவிட நன்றாக இருந்தது. கோச்சுஜாங் அரை டப்பா மிச்சம், மூடி இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், ஈரக் கரண்டி மட்டும் போடக் கூடாது. எங்கள் டப்பா அவ்வளவு நாள் தாங்காது போலிருக்கிறது, அண்ணன் வரும்போதெல்லாம் வேகவைத்த மரவள்ளிக்கிழங்குக்கு அதைத் தொட்டுக்கொள்கிறார்.